பாலக்கரை பாய் கடைத் தபேலா: பள்ளிக்கூடத்தில் பத்து மாதம் அடிபட்ட பிறகு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரை உங்கள் கண் அதைத்தான் தேடும். வலது கைத் தபேலா, இடது கைக்குப் பித்தளை டக்கா, இரண்டுக்கும் சும்மாடு, ஒரு சுத்தியல், உறை எல்லாம் சேர்த்து ஒரு ஜோடி 13,800 ரூபாய். நாங்கள் இரண்டு ஜோடி எடுத்தோம். பள்ளிக்கூடத்துக்கு என்றதும் 27,000க்கு முடித்துக்கொடுத்தார் கடைக்காரர். திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது கடை. பெயரைப் போடவில்லை. போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். "பேரைப் போட்டீங்கன்னா போன் அடிச்சுக்கிட்டே இருக்கும் தம்பி, வேலை ஓடாது" என்றார். அந்தப் பக்கம் போய் 'தபேலா பாய்' என்று கேட்டால் டீக்கடையிலேயே வழி சொல்வார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பதினோரு வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தேன். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் என்று கோயில் திருவிழா மேடைகளில் என் முழங்கால் தேய்ந்திருக்கிறது. அப்புறம் ரிதம் பேட் வந்தது. ஒரே ஆள் குச்சியால் தட்டினால் தபேலா, டோலக், டேப்பு எல்லாம் அதிலிருந்தே வரும். என் வேலை போயிற்று. கோபமெல்லாம் இல்லை, நானே அந்தப் பேடைத் தட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. இப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட். அதனால் இந்த விமர்சனத்தைக் கச்சேரி வித்வான் எழுதியது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றுப்பாட்டுக்கு வாசித்த ஒருத்தன் எழுதியது.

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. எங்கள் பழைய குழுவின் வாட்ஸப்பில் தபேலா மேதை ஜாகிர் ஹுசைன் போய்விட்டார் என்று ஒரு செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் இல்லை, வதந்தி என்று இன்னொன்று. தூங்காமல் கிடந்தோம். மறுநாள் காலையில் குடும்பத்தாரே உறுதிசெய்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில், நுரையீரல் நோயில், 73 வயதில். அந்த வருடம் பிப்ரவரியில்தான் ஒரே மேடையில் மூன்று கிராமி வாங்கியிருந்தார். அதில் ஒன்று சக்தி இசைக்குழுவுக்கு, கஞ்சிரா வாசிக்கும் நம் செல்வகணேஷும் அந்தக் குழுவில் இருக்கிறார். செல்வகணேஷின் அப்பா விக்கு விநாயக்ராம் 1970களில் இதே சக்தியில் ஜாகிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடம் வாசித்தவர். அதனால் ஜாகிர் எங்களுக்கு வடநாட்டு ஆள் மாதிரியே தோன்றியதில்லை.

என் கதையில் அவர் வந்தது தூர்தர்ஷன் வழியாக. தாஜ்மஹால் டீ விளம்பரம் நினைவிருக்கிறதா? அந்த முடியும் சிரிப்பும் விரல்களும். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. விளம்பரம் வரும்போது எட்டு வயதில் அந்த வீட்டு அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவேன். அந்த வீட்டு அத்தை "டின்னு நசுங்குச்சுன்னா உன் முதுகு நசுங்கும்" என்பார். நசுங்கியது. இரண்டும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜாகிர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. குழுவில் ஒருத்தர் பெரிய ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்றார். இன்னொருத்தர் ஒரு நினைவுக் கச்சேரி என்றார். கச்சேரி என்றால் மேடை, மைக் செட், சாப்பாடு, கடைசியில் யார் பெயர் மேலே என்று ஒரு சண்டை. ஃபிளெக்ஸ் மூன்று நாளில் யாரோ ஆட்டுக்கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டிவிடுவார்கள். நான்தான் சொன்னேன்: நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு மத்தளம் கூடக் கிடையாது, அங்கே தபேலா வாங்கி வைப்போம் என்று. ஒன்பது பேர் சேர்ந்து 31,500 ரூபாய் போட்டோம். கீபோர்டு வாசித்தவன் துபாயிலிருந்து 10,000 அனுப்பினான். அவனுக்குத்தான் என் தபேலா சத்தம் பிடிக்கவே பிடிக்காது.

இப்போது நான் செய்த முட்டாள்தனம். அவசரப்பட்டு ஒரு இணையக் கடையில் 4,950 ரூபாய்க்கு ஒரு ஜோடி ஆர்டர் போட்டேன். மாணவர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தார்கள். படத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. வந்து பெட்டியைப் பிரித்ததும் டக்காவைத் தூக்கிப் பார்த்தேன். பால் சொம்பு கூட அதைவிடக் கனமாக இருக்கும். தகடு அவ்வளவு மெல்லிசு. வலது தபேலாவின் வாயைச் சுற்றியுள்ள தோல் பின்னல் ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் இருந்தது. பின்னல் சமமாக இல்லையென்றால் சுருதி சேராது. பின்னலில் வார் கோக்கும் பதினாறு கண்ணில் எட்டுக் கண் ஒரு சுருதி சொல்லும், மீதி எட்டு வேறு சுருதி சொல்லும். ஒரு மணி நேரம் சுத்தியலோடு போராடிச் சேர்த்தேன், காபி குடித்துவிட்டு வருவதற்குள் இறங்கிவிட்டது. நான்காவது நாள் தோல் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்திலிருந்து ஒரு செதில் பெயர்ந்தது. திருப்பி அனுப்பக் கேட்டால் 'பயன்படுத்திய பொருள்' என்று பதில் வந்தது. தபேலாவைப் பயன்படுத்தாமல் எப்படிச் சோதிப்பதாம்? அந்த 4,950 என் சொந்தப் பணம், பொதுப்பணத்தில் கை வைக்கவில்லை. இப்போது அது வீட்டில் செடி வைக்கும் தாங்கியாக இருக்கிறது. டக்கா மட்டும்; மரத்தை இன்னும் எறிய மனசு வரவில்லை.

அந்தச் செதில் விழுந்த தபேலாவைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கத்தான் பாய் கடைக்குப் போனேன். அவர் கையில் வாங்கினார், ஒரு தட்டு தட்டினார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். எங்கள் தொழிலில் அதைவிடக் கடுமையான விமர்சனம் கிடையாது.

கடை என்று சொல்கிறேனே தவிர, அது எட்டுக்குப் பத்தில் ஒரு பட்டறை. கதவைத் திறந்தால் ஆட்டுத்தோல் வாசம் மூக்கில் ஏறும். ஒரு பக்கம் மிருதங்க மரங்கள், ஒரு பக்கம் பிரிந்து கிடக்கும் டோலக்குகள், மேலே கயிற்றில் காயும் தோல் வட்டங்கள். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதன் ஒரு கால் செங்கல். வாடிக்கையாளர் வசதிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் அஞ்சுக்கு ஒன்று. அந்த ஒன்றும் பக்கத்து டீக்கடைக்கு.

ஆனால் அவர் கேட்ட கேள்விகளுக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு போடுவேன். விலை, பட்ஜெட் எதுவும் முதலில் கேட்கவில்லை. "யாரு வாசிக்கப் போறது, எந்த வயசு?" என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை என்றேன். "பாடுறது யாரு, பொம்பளப் புள்ளைங்களா? எத்தனை கட்டை?" கட்டை என்றால் பாடும் சுருதியின் உயரம். அங்கேதான் நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். பதினோரு வருடம் வாசித்தவன், பிள்ளைகள் என்ன சுருதியில் பாடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை. பள்ளியில் இறைவணக்கம் பாடும் பெண்பிள்ளைகள் ஏறக்குறைய 5 கட்டையில் பாடுகிறார்கள். தபேலாவை 5 கட்டைக்கு இழுத்தால் தோல் கிழியும். அதற்குப் பஞ்சமத்தில், அதாவது 'ப' சுரத்தில், சேர்க்க வேண்டும்; 5 கட்டைக்குப் பஞ்சமம் 2 கட்டை. ஐந்தரை அங்குல வாய் உள்ள தபேலா அங்கே சொகுசாக நிற்கும். ஆண்பிள்ளைகள் தணிந்து பாடினால் கொஞ்சம் இறக்கி ஒன்றரைக்கும் கொண்டுவரலாம். இவ்வளவையும் அவர் பீடியைப் பற்றவைக்கிற நேரத்தில் முடிவு செய்துவிட்டார். நானாக வாங்கியிருந்தால் பார்க்கச் சின்னதாக அழகாக இருக்கிறதே என்று ஐந்து அங்குலம் எடுத்து, இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் அழுதிருப்பேன்.

அடுத்து டக்கா. எனக்கு ஆசை செம்பு. ஜாகிர் நினைவாக என்று பெருமையாகச் சொன்னேன். பாய் தலையை ஆட்டினார். "செம்பு மெதுவான உலோகம் தம்பி. ஒரு தடவை கீழே போட்டாப் பள்ளம். பள்ளிக்கூடத்துல போடாம இருப்பாங்களா? கனமான பித்தளையா வாங்குங்க, மிச்சக் காசை ரிப்பேருக்கு வைங்க." விலை அதிகமான பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நான் இன்சூரன்ஸ் துறையில் கூடப் பார்த்ததில்லை. நைலான் கயிறு போடலாமா, இல்லை இப்போது வருகிற நட்டு போல்ட் வைத்த தபேலா எடுக்கலாமா என்றும் கேட்டேன். போல்ட் வைத்ததைத் திருகு வைத்து எந்தப் பிள்ளையும் சுருதி சேர்த்துவிடலாம்தான். ஆனால் அந்த இரும்பு தளர்ந்தால் ஒரு சலசலப்பு வரும், கேட்கச் சகிக்காது. அவர் எருமைத்தோல் வாரே போட்டார். மரம் சீஷம், ஈட்டி வகை. கனமாகத்தான் இருக்கிறது, ஏழாம் வகுப்புப் பையன் இரண்டு கையால் தூக்க வேண்டும்.

கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். வடக்கே சியாஹி என்பதை இங்கே நாங்கள் மிருதங்கத்து வழக்கப்படி கரணை என்கிறோம். பாய் அதைப் போடுவதை நான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். இரும்புத் தூளும் மாவுப் பசையும் கலந்த கறுப்பு. ஒரு சின்ன உருண்டை எடுத்துத் தடவுவார், வழவழப்பான கல்லால் தேய்ப்பார், காயவிடுவார். திரும்ப ஒரு பூச்சு, திரும்பத் தேய்ப்பு. ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிடக் கொஞ்சம் சின்ன வட்டம். தேய்க்கத் தேய்க்கக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பு இருந்தால்தான் கறுப்பு தோலோடு சேர்ந்து அசையும், இல்லாவிட்டால் ஓடு மாதிரி உட்கார்ந்திருக்கும். என்னுடைய 4,950 ரூபாய்த் தபேலாவில் நடந்தது அதுதான்: ஒரே அப்பாக அப்பிக் காயவைத்திருக்கிறார்கள்.

இந்தக் கறுப்பு ஏன் தேவை என்று சொன்னவர் எங்கள் ஊர்க்காரர். சர் சி.வி. ராமன் 1888இல் பிறந்தது திருவானைக்காவலில். அவர் நோபல் வாங்கியது ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே, 1920இல், மிருதங்கமும் தபேலாவும் மற்ற மத்தளங்களைப் போல் வெறும் 'டம்' என்று ஒலிக்காமல் ஏன் ஒரு சுரமாகப் பாடுகின்றன என்று நேச்சர் இதழில் எழுதினார். சும்மா இழுத்துக் கட்டிய தோலின் மேலோசைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. நடுவில் இந்தப் பாரத்தை ஏற்றிவிட்டால் அவை வரிசைக்கு வந்துவிடுகின்றன, தந்தி வாத்தியத்தில் வருவதைப் போல. பாயிடம் இதைச் சொன்னேன். "அது எங்க தாத்தாவுக்கே தெரியுமே" என்றார். அதுவும் சரிதான்.

இனி கடையின் குறைகள். மூன்று வாரம் என்றார், ஐந்தரை வாரம் ஆயிற்று. பிப்ரவரி 28 அறிவியல் தினத்தன்று பள்ளியில் கொடுக்கலாம் என்று தலைமை ஆசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். ராமன் விளைவு நாள், ராமன் ஆராய்ந்த வாத்தியம், பொருத்தமாக இருக்கும் என்று. எல்லாம் போச்சு. மார்ச் 5தான் கைக்கு வந்தது. போன் எடுக்கவே மாட்டார். ஏழு தடவை அடித்தால் எட்டாவது தடவை பேரன் எடுத்து "தாத்தா தொழப் போயிருக்காங்க" என்பான், எந்த நேரம் அடித்தாலும். உறையின் ஜிப் ஒரே மாதத்தில் பிய்ந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, பில். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற ஒழுங்கான ரசீது வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு நடை. நீங்கள் பள்ளிக்கு வாங்குவதாக இருந்தால் பணம் கொடுக்கும்போதே கையோடு ரசீது கேட்டுவிடுங்கள்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்ததையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பொருளுக்கு உண்மையான சோதனை அங்கேதான். கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம், பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். பெரிய தொகை என்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடுக்கலாம். எங்களுடையது அந்த அளவுக்கு இல்லை. கஷ்டம் அடுத்த நாள் தொடங்கியது. விலை உயர்ந்த பொருள், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று இரண்டு ஜோடியையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி ஒரு ஆசிரியரிடம். அவர் பயிற்சிக்குப் போய்விட்டார். நான் இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்டால், "பத்திரமா இருக்கு சார், ஒரு தூசி படல" என்றார்கள். நான் தூசிக்காக வாங்கவில்லை.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி, இசை என்று பல பாடம், மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியம். எங்கள் பள்ளிக்கு வந்தது தையல். பாட்டு வரவில்லை. 2022-23இலிருந்து நடக்கிற கலைத் திருவிழாவில் கருவி இசைக்கும் போட்டி உண்டு, ஆனால் அதற்குப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் தனியாகக் கற்றவர்கள். கடைசியில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் நானே வருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். இந்தப் பத்து மாதத்தில் நான்கு வெள்ளிக்கிழமை வரவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மார்ச் மாதம் இன்சூரன்ஸ்காரனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பதினாலு பிள்ளைகள், இரண்டு ஜோடி. மற்றவர்கள் தொடையில் தட்டுவார்கள், பெஞ்சில் தட்டுவார்கள். முதல் மாதம் முழுக்க வாயால்தான். ஜாகிர் பிறந்தபோது அவர் அப்பா அல்லா ரக்கா காதில் பிரார்த்தனை ஓதுவதற்குப் பதிலாகத் தபேலாச் சொற்களைச் சொன்னார் என்று ஜாகிரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னதும் ஒரு பையன் பக்கத்திலிருந்தவன் காதில் போய் 'தா தின் தின் தா' என்று கத்தினான். அன்றைக்கு அரை மணி நேரம் வகுப்பு நடக்கவில்லை. கெஹர்வா என்ற தாளத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது 'தா கெ ந தி ந க தி ந' அவர்கள் வாயில் நுழையவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதற்குத் தமிழில் ஒரு சொற்கட்டு செய்தாள்: 'தோசை சுட்டா யாரு தின்னா'. எண்ணிப் பாருங்கள், எட்டு அட்சரம், கடைசியில் 'தின்னா' கச்சிதமாக அந்தத் 'தி ந'வில் விழுகிறது. மேடையில் நான் வாசித்த காலத்தில் எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாகவே இருந்தது. இப்போது பள்ளிக்கூடம் முழுக்க கெஹர்வாவுக்குப் பெயர் தோசைத் தாளம்.

பொருள் எப்படித் தாங்கியது? டக்கா மூன்று முறை கீழே விழுந்திருக்கிறது. ஒரு கீறல், பள்ளம் இல்லை. பாய் சொன்னது பலித்தது. வலது தபேலா இரண்டும் சுருதியில் நன்றாக நிற்கின்றன. வெயில் காலத்தில் தோல் இறுகி அரைக்கட்டை ஏறும், ஐப்பசி மழையில் தளர்ந்து தொங்கும். அது எந்தத் தபேலாவுக்கும் உள்ளதுதான். பின்னலைச் சுத்தியலால் மேலும் கீழும் தட்டி நானே சரிசெய்துவிடுவேன். தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. சத்துணவு முடித்து நேராக வரும் கை. சாம்பார் ஈரத்தோடு கரணையில் கை வைத்தால் அது ஊறிப் பெயரும். அதனால் குழாயடியில் கை கழுவி, துடைத்து, பவுடர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று ஒரு சட்டம். பவுடர் வாசத்துக்காகவே வகுப்பில் சேர்ந்தவர்களும் உண்டு.

அப்புறம் எலி. தோலில் செய்த எதையும் எலி விடாது என்று நான் சொல்லியிருந்தேன். பீரோவின் பின்பக்கத் தகடு துருப்பிடித்து ஓட்டையாக இருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை திறந்தால் ஒரு வலது தபேலாவின் மூட்டில், அதாவது வாயை மூடும் தோலில், கால்வாசி இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பாய்க்குப் போன் அடித்தேன். ஆச்சரியம், இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அடுத்த செவ்வாய் தானே பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் புது மூட்டோடு. 1,800 ரூபாய். பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் 300 கொடுத்தேன், மறுத்தார், சட்டைப் பையில் திணித்தேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அவர் மூட்டை மாட்டிவிட்டுக் கிளம்பவில்லை. வேப்பமரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து, கிழிந்த மூட்டைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். இது ஓரத்தோல், இது நடுத்தோல், ஆட்டுக்குட்டித் தோல் ஏன், வார் ஏன் எருமை, இந்த எட்டு மர உருளைகள் எதற்கு என்று. இரண்டு மணி நேரம். வாரை இழுக்க ஒரு பத்தாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டுக் காலை மரத்தில் ஊன்றி இழுக்கச் சொன்னார். அவன் கையில் கொப்புளம். மறுவாரம் அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். ஜாகிர் ஹுசைன் யார் என்று இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் மாதிரி ஒருத்தர் வாசிப்பதற்குப் பின்னால் தோலோடு உட்கார்ந்திருக்கும் ஆள் யார் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. மும்பையில் ஜாகிருக்குப் பல வருடம் தபேலா செய்தவர் ஹரிதாஸ் வட்கர் என்று பாய் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பெயரைப் பாய் ஏதோ தன் அண்ணன் பெயர் மாதிரிச் சொன்னார்.

நவம்பர் 7, ராமன் பிறந்தநாளன்று அறிவியல் ஆசிரியை ஒரு காரியம் செய்தார். ராமன் செய்ததைப் போலவே தபேலாத் தோலில் பொடி மணலைத் தூவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு விரலை லேசாகத் தோலில் வைத்து இன்னொரு விரலால் ஓரத்தில் தட்டச் சொன்னார், அதாவது நாங்கள் 'நா' என்று வாசிப்பதைத்தான். மணல் துள்ளி, அசையாத இடத்தில் போய்க் கோடாக ஒதுங்கியது. மோதிர விரலை ஏன் சும்மா அங்கே வைக்க வேண்டும் என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பையன் வாயைப் பிளந்தான். மணலைத் துடைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பாயிடம் இதுவரை சொல்லவில்லை.

டிசம்பர் 15 ஜாகிரின் முதலாண்டு நினைவு. படம் வைத்து மாலை போடலாமா என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன், அவர்கள் வைத்துவிட்டார்கள். காலை இறைவணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் இரண்டு ஜோடியிலும் நாலு பேர் மாறி மாறி மூன்று நிமிடம் வாசித்தார்கள். முதல் நிமிடம் நன்றாக இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் வேகம் எடுத்துவிட்டார்கள், மூன்றாவது நிமிடத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை, கடைசித் 'தா'வில் மட்டும் எப்படியோ சேர்ந்து வந்து விழுந்தார்கள். துபாய்க்காரனுக்கு வீடியோ அனுப்பினேன். "உன்னை மாதிரியே ஓடுறாங்க" என்று பதில் போட்டான்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் ஒரு பிள்ளை கற்க மட்டும் என்றால் இதைவிடக் கனம் குறைந்தது போதும், இவ்வளவு அலைச்சலும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு, கோயில் பஜனைக்கு, பல கை படும் இடத்துக்கு என்றால் பாய் கடையில் சொல்லி வையுங்கள். சொன்ன தேதியோடு மூன்று வாரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாங்கும் பணத்தில் ஏழில் ஒரு பங்கையாவது ரிப்பேருக்கு ஒதுக்குங்கள். பீரோவின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் கணக்கு இது: 31,500இல் தபேலாவுக்கு 27,000, ஜமக்காளம் 1,100, எலி வகையில் 2,100. கையில் 1,300. இப்போது ஒரு டக்காவின் தோல் கரணைக்குப் பக்கத்தில் தொய்ந்து 'கும்' என்பது 'கொம்' என்று கேட்கிறது. ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் மாற்ற வேண்டும். 2,200 ஆகும் என்றார் பாய். பிள்ளைகள் பழைய பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு உண்டியல் வைத்திருக்கிறார்கள், போன வெள்ளிக்கிழமை எண்ணியபோது 640. இன்னும் 260 வேண்டும். பாயிடம் குறைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அந்தத் தோசைத் தாளப் பெண் வேண்டாம் சார் என்றாள். எல்லோருக்கும் பொங்கல் காசு வந்திருக்கிறதாம்.